மரகதமணி இன்னும் மேடையில் நிற்கிறார்

எங்கள் தாராபுரத்தில், போட்டோவுக்கு நின்றவர்கள் நான் ‘ஓகே’ சொல்லும்வரை அசைய மாட்டார்கள். சிரித்தபடி நின்றால் சிரித்தபடியே நிற்பார்கள். கொசு கடித்தாலும் அப்படித்தான். கல்யாண போட்டோகிராபர் என்றால் எங்கள் பக்கத்தில் இது வழக்கம். என் பெயர் நாச்சிமுத்து. இருபத்திரண்டு வருடமாக ஓகே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் மட்டும் இல்லை, கல்யாண வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு சொல்லோ சைகையோ உண்டு. சமையல்காரர் மாரப்பண்ணன் ‘எந்திரிக்கலாம்’ என்று சொல்லாமல் பந்தியில் யாரும் எழுந்ததில்லை. நாதஸ்வரக்காரர் அமிர்தலிங்கம் கெட்டி மேளத்துக்குக் கண்ணைக் காட்டினால், வாசித்து முடிக்கும்வரை மண்டபத்தில் ஒருவராலும் தும்ம முடியாது. மேடை அலங்காரம் செய்யும் சிராஜ் பாய் கடைசிப் பூவைக் குத்திவிட்டுத் தலையாட்ட வேண்டும். அதற்கு முன்னால் மேடை ஏறப் பார்த்தால் படிகள் கூடிக்கொண்டே போகும். ஊரே எங்கள் நால்வருக்கும் அடங்கித்தான் நடந்தது. வீட்டில் நாய்கூட எங்களை மதிக்காது, அது வேறு விஷயம்.

வைகாசி இருபதாம் தேதி பொன்னழகு மஹாலில் ஒரு கல்யாணம். நாங்கள் நால்வரும்தான் வேலை. மணி இரண்டே முக்கால் இருக்கும். கடைசியாக மேடை ஏறியவர் மரகதமணி. பெண்ணுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த டெய்லரம்மா, ஐம்பது வயது. பளபளப்புத் தாளில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து மாரப்பண்ணன் கத்தினார்.

“ஏப்பா நாச்சிமுத்து, கடைசிப் பந்தி! வந்தா வா, வராட்டிப் போ!”

விடிந்ததிலிருந்து நான் குடித்தது அரை டம்ளர் காப்பி. “மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பேருக்கும் ஓகேங்க, எறங்கிக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர்கள் இறங்கிப் போனார்கள். அந்தம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ரசம் ஊற்றும்போதுகூட நினைவு வரவில்லை, என்ன மனுசன் நான்.

மறுநாள் கம்ப்யூட்டரில் படங்களை இறக்கும்போது கடைசிப் படத்தைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. மண்டபத்துக்குப் போனேன். அந்தம்மா மேடையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பெருக்குகிற பெண் அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தாளுக்குள் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

“ஓகேங்கம்மா” என்றேன். அசையவில்லை. அசையமாட்டார் என்று தெரியும், ஒரு நப்பாசைதான். கல்யாணம் கலைந்த பிறகு சொல்லுகிற ஓகே வெறும் சத்தம். அந்தக் கல்யாணத்தில் வேலை பார்த்த நால்வரும் இன்னொரு முகூர்த்த நாளில், முகூர்த்த நேரத்தில், அதே மண்டபத்தில் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். அப்போது சொன்னால்தான் செல்லும். மாப்பிள்ளையும் பெண்ணும் தேவையில்லை. அவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் மரகதமணியின் மகள் தாரணி என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். நிறைமாதம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“ஏனுங்கண்ணா, எங்கம்மாவ எப்ப எறக்கி உடுவீங்க?”

“நாங்க நாலு பேரும் ஒண்ணாச் சேரோணும் அம்மிணி. சேர்ந்துருவோம்” என்றேன்.

“சீக்கிரம் சேருங்க. அம்மா பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

டாக்டர் சரி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

சேர்ந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டேனே தவிர, காலண்டரைப் பார்த்தபோது தலை சுற்றியது. முகூர்த்த நாளில் நாங்கள் நால்வரும் நான்கு மண்டபத்தில் இருந்தோம். முகூர்த்தம் இல்லாத நாளில் நால்வரும் சும்மா இருந்தோம், ஆனால் அன்றைக்குச் சொன்னால் செல்லாது. வைகாசி போயிற்று, ஆனி வந்தது. எனக்கு வேலை சொல்ல வந்த வீட்டாரிடமெல்லாம், சமையலுக்கு மாரப்பனைக் கூப்பிடுங்க, மேளத்துக்கு அமிர்தலிங்கத்தைக் கூப்பிடுங்க, மேடைக்கு சிராஜ் பாய், மண்டபம் பொன்னழகு என்று கெஞ்சினேன். ஒரு வீட்டில் மேளத்துக்கு மச்சான் இருந்தார். இன்னொரு வீட்டில் சமையலுக்குப் பெரியப்பா இருந்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் குறுக்கே இருப்பார்.

இதற்கிடையில் பொன்னழகு மஹாலில் ஐந்து கல்யாணம் நடந்தது. ஐந்து ஆல்பத்திலும் மரகதமணி கடிகாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டு அத்தை என்று நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா என்று நினைத்தார்கள். ஒரு ஜோடி காலில் விழுந்தது. இத்தனை சிரித்த முகமாக ஒரு சம்பந்தி கிடைப்பது கஷ்டம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். கடிகாரம் ஆனி கடைசியில் நின்றுவிட்டது.

ஆடி பிறந்தபோது தாரணிக்குப் பதினோராம் மாதம். ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. மூன்றாவது பல் வந்துவிட்டால் இரண்டு உயிருக்கும் சிரமம் என்று டாக்டர் சொன்னார். ஆவணி முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒரே வழிதான் இருந்தது. ஆவணி ஆறாம் தேதி பெரிய முகூர்த்தம். அன்றைக்கு நால்வரும் எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்க வேண்டும். முகூர்த்த நாளில் வரமாட்டேன் என்று எங்களில் யாரும் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அம்மா செத்த அன்றைக்கே அமிர்தலிங்கம் வாசிக்கப் போயிருக்கிறார்.

போனில் கேட்கிற விஷயம் இல்லை. நேரில் போகலாம் என்றால் அப்போதுதான் உறைத்தது, இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தும் ஒருவர் வீடு ஒருவருக்குத் தெரியாது. என் போனில் அவர்கள் ‘சமையல்’, ‘மேளம்’, ‘பூ’ என்றுதான் இருந்தார்கள். விசாரித்து விசாரித்துப் போனேன். தாரணியும் ஆட்டோவில் கூடவே வந்தாள்.

அமிர்தலிங்கம் கன்னத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆடி முழுக்க அவர் பேசுவதில்லை, கன்னத்துக்கு ஓய்வு. நான் சொன்னதைக் கேட்டார். தாரணியின் வயிற்றைப் பார்த்தார். எழுந்து ஆணியில் தொங்கிய காலண்டரில் ஆவணி ஆறைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

சிராஜ் பாய் வீட்டில் ஒரு பூச்செடிகூட இல்லை. “பூன்னா இப்பெல்லாம் தும்மல் வருது நாச்சிமுத்து. யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்றார். பிறகு தாரணியிடம், “அலங்காரத்துக்கு ஒரு முழம் முல்லை போதுமாம்மா? அதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல” என்று கேட்டார். போதும் என்றாள்.

மாரப்பண்ணன் சமையலறை வாசலில் உட்கார்ந்து பன்னைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுகிற மனுசர். எனக்குப் பாவமாக இருந்தது.

“முகூர்த்தத்தன்னிக்கு வர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது நாச்சிமுத்து?” என்றார்.

“எல்லாம் உங்க வாயால வந்தது. நீங்க கடைசிப் பந்தின்னு கத்தினதுலதான் நான் மறந்தேன்.”

“உனக்குப் பசிக்குமேன்னு கத்துனேன். இருபத்திரண்டு வருசமா உனக்குன்னு ஒரு எலை எடுத்து வெக்கறனே, ஒரு நாளாச்சும் சூடாச் சாப்புட்டிருக்கியா நீயி?”

இவர் எனக்காக இலை எடுத்து வைத்தது எனக்குத் தெரியவே தெரியாது. மிச்சம் இருப்பதைத்தான் தின்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பண்ணன் தாரணியைப் பார்த்தார். “எத்தன மாசம் கண்ணு?”

“பதினொண்ணுங்க.”

“பன்னெண்டுல முடிச்சிரலாம்” என்று பன்னைக் கீழே வைத்தார்.

ஆவணி ஆறுக்குக் கூப்பிட வந்தவர்களிடமெல்லாம், வேறு கல்யாணம் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று நால்வரும் சொன்னோம். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள். மரகதமணியம்மா வீட்டுது என்றோம். மண்டப மேனேஜர் மறுக்கவில்லை. அன்றைக்கு மூன்று பேர் மண்டபம் கேட்டிருந்தார்கள், ஆனால் மரகதமணிதான் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவர் என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஆவணி ஆறு, காலை ஆறரை மணி. சிராஜ் பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் முல்லையைக் குத்தித் தலையாட்டினார். மாரப்பண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார். அமிர்தலிங்கம் கண்ணைக் காட்டி வாசித்தார். கேட்க முன்வரிசையில் தாரணி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடித்ததும் நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, “ஓகேங்கம்மா” என்றேன்.

மரகதமணி கையை இறக்கினார். “அப்பாடா” என்றார். பிறகு, “சோறு ஆச்சுங்களா?” என்று கேட்டார். வைகாசியில் சாப்பிடாமல் மேடை ஏறியவர்.

மாரப்பண்ணன் இலை போட்டார். கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம், ஒன்று குறையவில்லை. தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங் கண்ணு, இன்னுமா பெக்கல?”

“நீ இல்லாம எப்படிம்மா பெக்கறது?”

“அதுஞ் செரி” என்று மரகதமணி ரசத்துக்குக் குழி பறித்தார்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன். “மன்னிச்சிருங்கம்மா. பசியில மறந்துட்டேன். மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல.”

“போச்சாது உடுங்க தம்பி. உக்காந்து உக்காந்து தெச்சு எனக்கு முதுகே போயிருந்துச்சு. நின்னதுல சரியாப் போச்சு. ஒண்ணும் செய்யாம நிக்கறது ஒரு சொகம், உங்களுக்கெல்லாம் எங்க தெரியப் போவுது.”

மாரப்பண்ணன் ‘எந்திரிக்கலாம்’ என்றதும் எழுந்து கை கழுவினார். மேடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“நீங்க நாலு பேரும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோ இருக்குதா?”

யோசித்துப் பார்த்தோம். அமிர்தலிங்கம் எல்லா ஆல்பத்திலும் கன்னம் உப்பி இருப்பார். மாரப்பண்ணன் ஒரு கரண்டி பிடித்த கையாக மட்டும் வந்திருக்கிறார். சிராஜ் பாய் விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் கேமராவுக்கு இந்தப் பக்கம்.

“ஏறி நில்லுங்க” என்றார் மரகதமணி. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். டெய்லர் கண் இல்லையா, ஒரே பார்வையில் எங்களை அளந்துவிட்டார். “மேளக்காரண்ணா, எடது தோள எறக்குங்க. பாய், சிரிங்க. நாச்சிமுத்துத் தம்பி, கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம முழிக்கறீங்க பாருங்க, இந்தக் கெடியாரத்தப் புடிங்க.” நான் கடிகாரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். நால்வரும் சிரித்தோம். அவர் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாரணி, “அம்மா, வலிக்குதும்மா” என்றாள்.

மரகதமணி கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. எங்களுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் மறந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்து மணிக்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, இரண்டே பல். பெருக்குகிற பெண் எங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே சொன்னாள். எங்களுக்கு ஏற்கெனவே சிரித்த முகம்தான்.

கால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன், வலிக்கவில்லை. யாரும் ‘அண்ணா இன்னொண்ணு’ என்று கூப்பிடவில்லை. சிராஜ் பாய்க்குத் தும்மல் நின்றது. மாரப்பண்ணன் என் தோளில் போட்ட கை அப்படியே இருந்தது. என் மனைவி ஒரு நாள் வந்து பார்த்தாள். “இப்பத்தான் எங்க இருக்கறீங்கன்னு சரியாத் தெரியுது” என்று சொல்லி, நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுப் போனாள்.

ஆவணி முப்பதாம் தேதி, முகூர்த்தம். மரகதமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாரணியோடு வந்தார். எங்களைத் தனித்தனியாகத் தேட வேண்டிய வேலை இல்லை, நால்வரும் அங்கேதான் நிற்கிறோம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். பிறகு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“தாரணி, இவங்க மொகத்தப் பாரு. எவ்வளவு நாள் அசதியோ. தை மாசம் வரைக்கும் நிக்கட்டும், பாவம்.”

என் கையிலிருந்த கடிகாரத்தின் தாளைப் பிரித்து, புது பேட்டரி போட்டு, நேரம் திருப்பிவைத்து, மறுபடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தை அவர் தோளுக்கு மேலாக இரண்டு பல்லையும் காட்டியது.

அவர் போனதும் அன்றைய கல்யாணத்துக்காரர்கள் உள்ளே வந்தார்கள். உடுமலையிலிருந்து வந்த போட்டோகிராபர் சாப்பிடாத முகத்தோடு எங்களுக்கு எதிரில் கேமராவைத் தூக்கினார். மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் நால்வர் காலிலும் விழுந்தார்கள். எழுந்த மாப்பிள்ளை என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சுங்க” என்றான். எங்களுக்கு ஆகவில்லை.