ஞாயிற்றுக்கிழமை ஓடிய விலைகள்

மிளகாய் ஒரே ஒரு முறை முறைத்ததில், ஒரு பல்கலைக்கழகத்தின் நாற்பது கணினித் திரைகள் ஒரே நொடியில் அணைந்துபோயின. நாற்பத்தொன்று இருந்திருந்தால் அதுவும் அணைந்திருக்கும்.

மிளகாய் என்பது வீட்டில் வைத்த பெயர். பதினெட்டு வயது. கோபம் மூக்கின் நுனியில் இருக்கும் என்பார்கள். இவளுக்கு மூக்கு முழுவதுமே கோபம்தான். நிதித்துறையில் பட்டம் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடம். அதன் வாசற்கதவு தானாகத் திறந்ததைப் பார்த்த அன்றே மாமா அதற்குப் பக்தராகிவிட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வங்கி மேலாளர். அவர் தும்மினால் வட்டி விகிதம் மாறும் என்பது அம்மாவின் நம்பிக்கை.

மற்றொன்று, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பல்கலைக்கழகம். போன வாரம் மிளகாய் அங்கே போனபோது வாங்க என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வகுப்பில் இருந்த பேராசிரியை, "வந்தது வந்துட்ட, உட்காரு" என்று அவளுக்கும் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரு பங்கின் விலை ஒரே நாளில் எவ்வளவு விழக்கூடும் என்று கணிக்கிற கணக்கு. மிளகாய் தப்பாகப் போட்டாள். எந்த வரியில் தப்பு என்று பேராசிரியை விரல் வைத்துக் காட்டினார். அதோடு அவள் மனம் அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிட்டது.

"அங்க ஃபேன் சுத்துறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் யோசிக்குது," என்றார் மாமா. "கிளம்பு. கண்ணாடிக் கட்டடத்துல இன்னைக்கு எல்லாருக்கும் சுத்திக் காட்டுறாங்க."

மூன்றாம் மாடியில் 'நேரடி வர்த்தக அறை'. நாற்பது திரைகளிலும் பச்சையும் சிவப்புமாக விலைகள் எறும்புப் படைபோல ஊர்ந்தன. கோட்டுப் போட்ட ஒருவர் பெற்றோர் கூட்டத்துக்கு விளக்கினார்.

"நம்ம பங்குச் சந்தையோட விலைங்க. இந்த நொடி விலை. எங்க பிள்ளைங்க முதல் நாள்லேருந்து இதுலதான் பழகுறாங்க."

மாமா வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகினார். மிளகாய் கையைத் தூக்கினாள்.

"இந்த நொடி விலையா சார்?"

"ஆமாம்மா. இந்த நொடி."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சந்தையை வெள்ளிக்கிழமையே மூடியாச்சு. அப்ப யார் வாங்குறா, யார் விக்குறா?"

கோட்டுக்காரரின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. என்றைக்கோ பதிவு செய்த படத்தை ஓட்டி, வந்தவர்கள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். மிளகாய்க்கு உச்சந்தலையில் நெருப்புப் பிடித்தது. முறைத்தாள். தடுப்புக்குப் பின்னால் யாரோ பதறி எதையோ பிடுங்கிய சத்தம் கேட்டது. நாற்பது திரைகளும் அணைந்தன. கூரையில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஏ.சி. பற்கள் கிட்டிப்போகிற அளவுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாமா அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்ட. கரண்டு போனா அவங்க என்ன பண்ணுவாங்க?"

கோட்டுக்காரர் மீதிருந்த கோபம் அந்த நிமிடமே செத்துவிட்டது. அதன் இடத்தில் பத்து மடங்கு பெரியதாக இன்னொன்று பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது என்று ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியாமல் இருக்கலாம். முப்பது வருட வங்கிக்காரருக்குமா? பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் சூட்டில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தேகால். மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மா அப்போதுதான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றினாள். மிளகாய் நடந்ததைச் சொன்னாள். மாமா சிரித்தார்.

"கரண்டு போச்சும்மா. இவ முறைச்சதுல அணைஞ்சுதாம். புலி வாலைப் பிடிச்சேன்னு சொல்லாம விட்டாளே."

"லைட்டு எரிஞ்சுது மாமா."

"எரியல."

"எரிஞ்சுது. உங்க வழுக்கையில நான் அதைப் பாத்தேன்."

"ஏய், வாயை மூடு," என்றாள் அம்மா. அண்ணன் சொல்லை அவள் இதுவரை தட்டியதில்லை. ஆனால் மகளின் கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய் ஆத்திரத்தில் மட்டும்தான் அழுவாள், அதுவும் தன் பக்கம் நியாயம் இருந்தால் மட்டும். அம்மா ஒரு வெள்ளைத்தாளை மாமா முன் வைத்தாள்.

"டாக்டர் சீட்டு இல்லாம நான் ஒரு மாத்திரைகூடக் குடுக்கிறதில்ல. நீ எழுதிக் குடுண்ணா. கடன் கேட்டவன் கடையைப் போய்ப் பாத்துட்டு எழுதுவியே, அந்த மாதிரி. கையெழுத்தும் போடு. நீ எழுதுறதுதான் முடிவு."

மாமாவின் சிரிப்பு நின்றது. வாயால் அவர் ஆயிரம் சொல்லுவார். பார்வை அறிக்கையில் மட்டும் பொய் எழுதியதில்லை. சொந்த மாமனார் கடைக்கே 'அலமாரிகள் காலி' என்று எழுதி, மூன்று வருடம் மாமியார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் திரும்பியவர்.

'நேரில் பார்வையிட்டேன்' என்ற முதல் வரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"எழுதுங்க," என்றாள் மிளகாய், பல்லைக் கடித்துக்கொண்டு. "கரண்டு போச்சுன்னு எழுதுங்க."

மணி ஐந்து நாற்பத்தைந்து. மாமாவின் நெற்றியில் வேர்வை ஆறாகப் பெருகி, மேசை மிதக்காதது அதிசயம். மூன்று முறை பேனாவை உதறினார். பிறகு இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"ரயில் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிறதுக்கே சம்மதம் குடுத்துடு," என்றாள் மகளிடம்.

மிளகாய் கைபேசியில் பொத்தானை அழுத்திய வேகத்துக்கு அது உடைந்திருக்க வேண்டும். கோபம் இன்னும் இறங்கவில்லை. மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா," என்றாள் அம்மா, "நிஜமாவே நாப்பதுமா?"

மாமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. இவ கேட்டா, முறைச்சா, அணைஞ்சுது. நாப்பதும். நான் எண்ணிப் பாத்தேன்."