வலது கண்

மூன்றாம் முறை மருந்து ஏற்றிய பிறகு தச்சருக்கு அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது. ஒரு வருஷமாக வாயால் மூச்சு விட்டவர், டாக்டர் அறைக்குள் மார் நிமிர்த்தி நுழைந்தார். பின்னால் அவர் மனைவி.

பட்டறையில் அவர் இழைத்துக் கொடுக்கும் நாற்காலிக்கெல்லாம் உப்புத்தாள் போட்டு வார்னிஷ் பூசுபவள் அவள். அவர் மூக்கில் ரத்தம் கசிந்தபோது, "தூசிதான், யாருக்குத்தான் கசியல" என்று ஈரத்துணியை நீட்டியதும் அவள்தான்.

மூக்குக்குப் பக்கத்து எலும்பறையில் முளைத்த புற்றுக்கட்டி வலது கண் வரை போயிருந்தது. அறுப்பதற்கு முன் மருந்தால் சுருக்கினால் கண் தப்பலாம் என்றிருந்தார் டாக்டரம்மா. தப்பலாம். அந்த 'லாமை'ப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடியது.

டாக்டரம்மா புது ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். "மூக்குல நல்லா சுருங்கியிருக்கு. கண்ணு பக்கம் அசையலை. கண்ணையும் எடுத்துத்தான் ஆகணும்."

"இன்னும் ரெண்டு தடவை ஏத்திப் பாருங்களேன்."

"தள்ளிப்போட்டா மூளைக்குப் போயிடும், ஐயா."

தச்சர் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். தாழ்வாரத்து பெஞ்சில் அவரைக் கண்டுபிடித்தாள் மனைவி.

"வீட்டுக்குப் போலாம் வா. மூச்சு வருது, அது போதும்."

"எத்தனை நாளைக்குங்க வரும்?"

அவர் வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். பிறகு, "ஒத்தைக் கண்ணனோட குடித்தனம் நடத்துவியாடி?" என்றார்.

"ரெண்டு கண்ணும் இருந்தப்ப மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கிழிச்சீங்களாக்கும்!"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "வலது கண்ணாலதான் பலகை கோணல் பார்க்கிறேன். இடது கண்ணு இந்த வயசுல என்னத்தைக் கத்துக்கும்?"

"கத்துக்கலேன்னா கோணலாவே செய்யுங்க. வாங்குறவன் தலையில நான் கட்டிடுறேன். நாற்காலி கோணலா இருந்தா பரவால்லைங்க. நீங்க இல்லாம இருந்தா..."

முடிக்காமல் திரும்பி நடந்தாள். டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், "தேதி சொல்லுங்க" என்றாள்.

திரும்பி வந்தபோது தச்சர் அங்கேயே இருந்தார். என்றைக்கு என்று கேட்கவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்திருந்தது.

"எழுந்திரிங்க," என்றாள். "ரத்தம் எடுக்கணுமாம்."

எழுந்தார்.