பச்சைப் பீப்பா, நீலச் சுவாலை

என் புருஷன் பளீல் பச்சைக் கட்சி. என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா காலிதீன், நீலக் கட்சி. இரண்டு பேரும் ஒரே சஹன் தட்டில் சோறு தின்பார்கள், பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவார்கள். தேர்தல் வந்தால் மட்டும் ஒருவர் சைக்கிளின் காற்றை மற்றவர் பிடுங்கி விடுவார். அந்தச் சண்டை என் அடுப்புக்குள் வராமல் இருந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

நான் பாலமுனையில் இடியப்பம் அவித்து விற்கிறவள். சுபஹு பாங்குக்கு முன்பே அடுப்பு மூட்டினால்தான் விடியும்போது அட்டாளைச்சேனைத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பெட்டி போய்ச் சேரும். பதினைந்து வருஷப் புகை. எண்பத்திரண்டாம் ஆண்டு கண் சிவந்து சிவந்து ஆறாமலே போய்விட்டது. கல்முனைக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். மாரி மழைக்கு முன்னர் ஒன்றில் புகையை விடவேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விடவேண்டும் என்று சொல்லிவிட்டார். மாரியில் கொள்ளி விறகு ஈரமாகும், புகை இரட்டிப்பாகும். தொழிலை விட எனக்கு மனமே இல்லை. என் கையால் நான் தேடிய சோறு அது.

அந்த நேரத்தில்தான் சாணிக் காஸ் வந்தது. அரசாங்கத் திட்டக் கந்தோரிலிருந்து அருளம்பலம் என்ற தம்பி வந்து வீடு வீடாக விளங்கப்படுத்தினார். கிடங்கு வெட்டிச் சீமெந்து பூசி, சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். அதன்மேல் ஒரு பெரிய இரும்புப் பீப்பாவைக் கவிழ்த்து மிதக்க விட வேண்டும். காஸ் ஊற ஊறப் பீப்பா மேலே எழும்பும், செலவழியச் செலவழியக் கீழே இறங்கும். அங்கிருந்து குழாய் குசினிக்கு வரும்.

"கப்பல்ல வாற எண்ணெய்க்கு நாடு எத்தின நாளைக்கு அக்கா கையேந்துற? நம்மட மாடு போடுறது நம்மட குசினிக்கு வரட்டும்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. ஆனால் குறைந்தது பத்து மாடு வேண்டுமாம். என்னிடம் ஐந்துதான் நின்றன.

பட்டியலில் பேர் சேர்க்க, ஆட்சியிலிருந்த பச்சைக் கட்சியின் அமைப்பாளர் வீட்டுக்கு என் புருஷன் ஏழு தரம் நடந்தார். பேர் ஏறியது, அரசாங்கச் சீமெந்தில் கிடங்கும் முடிந்தது, சாணிதான் போதவில்லை. காக்காவிடம் ஏழு மாடு நின்றன. நான் போய்க் கேட்டேன்.

"சாணி தாறன் புள்ள. ஒன்ட கண்ணுக்காகத்தான் தாறன். ஒன்ட மாப்புளைட கட்சிக்காக இல்ல, அத நல்லா வெளங்கிக்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் விடியக்காலையில் இரண்டு தகரம் சாணி அவருடைய சைக்கிள் கரியரில் வந்தது. சாணிக் காஸில் அவித்ததைத் தின்னலாமா என்று சில பொம்பிளைகள் பள்ளிவாசல் லெவ்வையிடம் கேட்டுப் போனார்கள். "விறகுல அவிச்சா விறகையா தின்னுறீங்க?" என்று கேட்டு அவர் அனுப்பிவிட்டார்.

ஒரு மாதத்தில் பீப்பா இடுப்பளவு எழும்பி நின்றது. அருளம்பலம் குழாயைத் திறந்து நெருப்புக் குச்சியைக் கிழித்தார். புகை இல்லை, மணம் இல்லை, பூப்போல ஒரு சுவாலை. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கவில்லை, காக்கா துள்ளினார்.

"பாத்தீங்களா மச்சான், நெருப்பு நீலம்! ஒங்கட அரசாங்கத்துச் சீமெந்துக்குள்ள இருந்தும் எங்கட நிறந்தான் வருகுது!"

நல்ல காஸ் எங்கே எரிந்தாலும் நீலமாகத்தான் எரியும் என்று அருளம்பலம் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? என் புருஷனின் முகம் கறுத்துப் போயிற்று. அடுத்த நாள் அசர் தொழுகைக்குப் பின் கட்சிக் கந்தோர்ச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்றைக் கொண்டுவந்தார். பீப்பாவை விரல் வைக்க இடமில்லாமல் பச்சையாக்கிவிட்டார்.

மறுநாள் காக்கா வேலிக் கடப்படியில் சைக்கிளை நிறுத்தினார். பீப்பாவைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார்.

"பச்சைப் பீப்பாவுக்கு என்ட மாடு சாணி போடாது" என்றார்.

"மாடு எப்ப காக்கா கட்சியில சேர்ந்த?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாணித் தகரம் சலசலக்கப் போய்விட்டார்.

என் ஐந்து மாட்டின் சாணியோடு பீப்பா நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டு வந்தது. அதற்குள் திறப்பு விழா வைப்பதாக அமைப்பாளர் நாள் குறித்துவிட்டார். விழாவுக்குக் காஸ் மிச்சம் வைக்க வேண்டும் என்று என் புருஷன் என்னைக் கொள்ளி அடுப்புக்கே திருப்பி அனுப்பினார். அந்த மனுஷன் தான் மட்டும் சும்மா இருந்தாரா? வந்தவன் போனவனுக்கெல்லாம் பற்றவைத்துக் காட்டினார். "எங்கட கட்சி தந்த காஸ்" என்று ஒவ்வொரு தரமும் ஒரு பிரசங்கம்.

"இது கட்சிச் சாமானா? நாட்டுச் சாமானில்லையா?" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"கட்சி இல்லாம எந்தத் திட்டம் இந்த ஊருக்கு வந்த? நான் ஏழு தரம் அலையாட்டி இந்தக் கிடங்கு இரிக்குமா?"

அது பொய்யில்லை. காக்காவிடம் போனேன். அவர் வேறு கதை கதைத்தார்.

"அரசாங்கம் மாறட்டும், அந்தக் கிடங்கு பாழாக் கெடக்கும். சந்தியில நிக்கிற தண்ணிப் பம்பைப் பாத்தியா? எங்கட காலத்துல வெச்ச. நீலம் அடிச்சிருக்கெண்டு, ஆட்சி மாறின எழுபத்தேழுக்குப் பொறகு ஒரு பச்சைக்காரனும் அதத் திருத்தல்ல."

அதுவும் உண்மைதான். ஒரு சின்னத் தோல் வளையம் தேய்ந்ததால் ஐந்து வருஷமாக அந்தப் பம்ப் ஊமையாக நிற்கிறது. பொம்பிளைகள் அதைத் தாண்டிக் குடத்தோடு நடக்கிறார்கள். நீலக்காரர்களாவது திருத்தினார்களா என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் என் கண் எரிந்துகொண்டிருந்தது.

விழா நாளில் வளவு நிறைய ஆட்கள். அமைப்பாளர் மாலையோடு எழும்பி, தங்கள் கட்சி நாட்டை எண்ணெய்க் கப்பல்களிடமிருந்து மீட்டுவிடும் என்று அரை மணித்தியாலம் பேசினார். பிறகு முற்றத்துக்கு இழுத்து வைத்த காஸ் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் நிறைந்த பெரிய கேத்தில் அதன்மேல் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் சுவாலை ஒரு தரம் நெளிந்தது, 'பொப்' என்றது, அணைந்தது. பீப்பா தரையோடு தரையாக இருந்தது. அந்த வெதுவெதுத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணியை, தூள் மேலே மிதக்க மிதக்க, அமைப்பாளர் ஒரு வாய் குடித்து "நல்ல தேத்தண்ணி" என்றார். பாவம், இப்படிச் சொல்லிப் பழகிய மனுஷன்.

வேலிக்கு வெளியே காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? குசினிக்குள் ஓடி ஈர மட்டையை அடுப்பில் திணித்து ஊதினேன். நாற்பது பேருக்குத் தேத்தண்ணி ஊற்றித் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது புகையும் என்னோடு வந்தது. கண்ணால் நீர் ஒழுகி நாடியில் சொட்டியது. எதிரே நிற்பது யாரென்றுகூடத் தெரியவில்லை. காக்காவின் சிரிப்பு நின்றுபோனது மட்டும் கேட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அந்தத் தைரியத்தில் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதைத்தேன்.

"இந்த வளவு வாப்பா எனக்குத் தந்த. கிடங்கு என்ட வளவுல இரிக்கி, கண் என்ட மூஞ்சியில இரிக்கி. நீங்க ரெண்டு பேரும் மாறி மாறி வெல்லுங்க, நான் வேணாண்டு சொல்லல்ல. ஆனா ஒவ்வொரு தேர்தலுக்கும் என்ட அடுப்பு அணையணுமா?"

அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். அமைப்பாளர் "தங்கச்சி சொல்றது சரி" என்று சொல்லி, மணிக்கூட்டைப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்து கொஞ்ச நேரத்தில் கடப்படியில் சைக்கிள் மணி கேட்டது. காக்கா நீலச் சேட்டோடு நின்றார். கரியரில் இரண்டு தகரம். யாரையும் பார்க்காமல் கொண்டுபோய்க் கரைக்கிற தொட்டியில் கொட்டினார். என் புருஷன் கழுத்தில் பச்சைச் சால்வையோடு வந்து, கையை முழங்கை வரை விட்டுக் கரைத்தார். தெறித்த தெறிப்பில் சேட்டும் சால்வையும் ஒரே நிறமாயின.

"தண்ணி கூடிப்போச்சு மச்சான்" என்றார் என் புருஷன்.

"அமைப்பாளர்ட தேத்தண்ணியப் போலயா?" என்றார் காக்கா.

முதலில் என் புருஷன்தான் சிரித்தார்.

அடுத்த நாள் தோணிக்குப் பூசுகிற தார் ஒரு தகரம் வாங்கி, பீப்பாவுக்கு நானே பூசினேன். கறுப்பு. துருப் பிடிக்காமலிருக்க அதைவிட நல்லது இல்லை என்று அருளம்பலம் மெச்சினார். பச்சைக்காரரும் நீலக்காரரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதே வாரம், நான் நச்சரித்த நச்சரிப்பில், மச்சான்மார் இரண்டு பேரும் சந்திப் பம்புக்கும் தோல் வளையம் மாற்றினார்கள்.

ஜனாதிபதித் தேர்தலன்று விடிய மழை தூறியது. கொள்ளி எல்லாம் நனைந்திருந்தது. இரண்டு பேரும் சாணி கரைத்து, குளித்து, வெளுத்த சாரன் உடுத்து, ஒருவருக்கு எதிராக ஒருவர் வோட்டுப் போட ஒரே சைக்கிளில் போகத் தயாராக நின்றார்கள். பீப்பா இடுப்புக்கு மேலே எழும்பி நின்றது. நான் அடுப்பைப் பற்றவைத்து இடியப்பத் தட்டை ஏற்றினேன். ஆவியைத் தவிர குசினியில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற காக்கா என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன புள்ள, கண்ணால தண்ணி ஓடுது? இன்னும் புகையா?"

பதினைந்து வருஷம் அழுகை வந்தபோதெல்லாம் புகை என்று சொல்லித் தப்பியவள் நான். அன்று சொல்ல ஒரு சாக்கும் மிஞ்சவில்லை. "சந்தோசம் காக்கா" என்றேன்.