ஹுவாங் என்ற மண் நாய்

தெங் பாவ் இறந்த அன்று, தம்பி குய் வழக்கப்படி அண்ணனின் அங்கியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து, பேர் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டான். போன உயிர் திரும்பவில்லை. கீழே நின்றிருந்த மனைவி யின் ரோங்குக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒருத்தியை விட்டுவிட்டுப் போகிற மனுஷன், கூப்பிட்ட குரலுக்காவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

இறங்கி வந்த குய் நாயைக் காட்டினான்.

"அண்ணி, ஹுவாங்கையும் அண்ணன்கூட அனுப்பிடலாம். அது இல்லாம என்னைக்காவது வயலுக்குப் போயிருக்காரா? நம்ம பெரியவங்க அப்படித்தானே செஞ்சாங்க."

"உங்க பெரியவங்க ஆளையும்தான் சேத்துப் பொதைச்சாங்க. என்னையும் அனுப்பிடேன்."

குய் கையிலிருந்த அங்கியை மடிக்க ஆரம்பித்தான்.

அது மஞ்சள் நாய். ஹுவாங் என்றாலே மஞ்சள்தான். முழுக்க முழுக்க அவருடைய நாய். அவர் கூப்பிட்டால் வரும், அவர் வைத்தால் தின்னும். யின் ரோங் அதைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. "தள்ளு", "எச்சில் வடிக்காதே" என்பதோடு சரி. ஆனாலும் இனி அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுகிற உயிர் அது ஒன்றுதான். அதையும் மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

நான்யாங் கடைத்தெருவில் இறந்தவரோடு கல்லறைக்குள் வைக்கும் சாமான் விற்கும் குயவனிடம் போனாள். மண் அடுப்பு, மண் பன்றி, மண் கோழி என்று அடுக்கியிருந்தான். நாய்கள் எல்லாம் ஒரே அச்சு: பச்சைப் பூச்சு, விடைத்த காது, சுருண்ட வால், மார்பைச் சுற்றி வார்.

"எங்க நாய் இப்படி இருக்காதே. அது மஞ்சள்."

"உள்ள கும்மிருட்டும்மா, பச்சை என்ன, மஞ்சள் என்ன. இது காதுல உங்க நாய் பேரைச் சொல்லிக் குடுங்க, அதுவாவே ஆயிடும். ஆனா குடுத்தா குடுத்ததுதான். அப்புறம் வீட்டு நாயை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க, இது எந்திரிச்சு உங்க வீட்டுக்கு வந்துடும். அவர் அங்க தனியாக் கெடப்பாரு."

நம்பித்தான் சொன்னானோ, விற்பதற்குச் சொன்னானோ, அவனுக்கே வெளிச்சம். யின் ரோங் நம்பினாள். கல்லறையின் செங்கல் அறைக்குள் குனிந்து நுழைந்து, மண் நாயைச் சவப்பெட்டியைப் பார்த்து உட்கார வைத்தாள்.

"அண்ணி, காவல் நாய் வாசலைப் பாக்கணும்" என்றான் குய்.

"திருடன் வந்து என்னத்தை அள்ளப் போறான்? அது அவரையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அதன் காதில் மெல்ல, "ஹுவாங்" என்றாள். பிறகு வாசலைச் செங்கல் வைத்து மூடினார்கள்.

சாவுக்கு வந்த உறவு கலைந்தது. நாய் வாசற்படியில், வயலிலிருந்து வரும் பாதையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. தினைக்கஞ்சி வைத்தாள், எலும்பு போட்டாள். கை தட்டினாள், செல்லம் என்றாள், தடியா என்றாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. நாளாக ஆக விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பேர் சொன்னால் எழுந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அங்கே அவர் தனியாகிவிடுவார். சொல்லாவிட்டால் இதுவும் செத்து, இங்கே அவள் தனியாகிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாய் நனைந்தபடியே கிடந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"ஹுவாங்."

நாய் துள்ளி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது; அவளைத் தாண்டி உள்ளே போனது. அவர் பாயை முகர்ந்தது. தானியக் குதிருக்குப் பின்னால் பார்த்தது, கொல்லைக்கு ஓடியது, திரும்பி வந்து மறுபடியும் பாயை முகர்ந்தது. அந்த வீட்டில் அந்தப் பேரைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கூப்பிட்டாரே, எங்கே என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தது. பின்பு வாலைத் தாழ்த்திக்கொண்டு மழையில் பழைய இடத்துக்கே போய்ப் படுத்தது.

அவரிடமிருந்து பறித்தது தனக்கும் கிடைக்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், அதன் பக்கத்தில் நனைந்தபடி உட்கார்ந்தாள். சாவு வீட்டில் முறைப்படி ஒப்பாரி வைத்தவள், ஒருவரிடமும் சொல்லாததை அதனிடம் சொன்னாள்.

"எனக்கும் அவரைத் தேடுதுடா."