எல்லா டேப்பும் ஒரே மாதிரி

"ஏனுங்க கவின் சார், புள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் இருக்குதல்லங்க? டேப்புக்கும் அப்படி இருக்கோணும். நாளைக்கு கம்பெனிக்காரங்க வந்து பாக்கறப்ப எல்லா டேப்புலயும் ஒரே படம், ஒரே ஆப்பு. ஒண்ணுகூட முன்னப்பின்ன இருக்கப்படாது."

சரவணம்பட்டியில் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாலுசாமி சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அந்த டேப்லெட்டுகளை வாங்கிக்கொடுத்த கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். கவின் கம்ப்யூட்டர் லேபுக்கென்று வேலைக்குச் சேர்ந்தவன். டேப் வந்ததிலிருந்து எல்லாருக்கும் டேப் சார்.

பள்ளிக்கூடத்தில் ஆப்பை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. மொத்தமாக லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மில் கேன்டீன் டோக்கன் மாதிரிதான், ஒரு டேப்பில் பிடுங்கினால்தான் இன்னொன்றுக்குப் போட முடியும். போடுவதும் பிடுங்குவதும் கவின் நாற்காலியை விட்டு எழாமல் செய்கிற வேலை. எந்தப் புள்ளையின் கையில் எந்த டேப் இருக்கிறது என்றுகூட அவன் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு டேப்தான் தனி. ரெண்டாம் வகுப்பு இஃப்ராவினுடையது. அவளுக்குக் காது கேட்கும், பேச்சு வராது. படத்தைத் தொட்டால் பேசுகிற ஆப் அவளுக்கென்று வாங்கியிருந்தார்கள். தண்ணி, பசிக்குது, ஒண்ணுக்கு வருது, வலிக்குது, இல்ல. குரல் அவள் அம்மா சாஜிதா பேகத்தினுடையது. ஐ.டி. கம்பெனியில் கக்கூஸும் தரையும் துடைத்துவிட்டு, கால் கடுக்க இங்கே வந்து உட்கார்ந்து, பல சாயங்காலம் ஒவ்வொரு சொல்லாகப் பேசிக் கொடுத்தாள். ஒரு நாள் காலைப் பிரார்த்தனை நடுவே "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று டேப் சத்தம் போட, பாலுசாமியே சிரித்துவிட்டார்.

"அந்த டேப்புக்கு பேக்கப் எடுத்துட்டீங்களா சார்?" என்று ரித்திகா மிஸ் கேட்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இஃப்ராவுக்காக வருகிற டீச்சர். "ஆச்சுங்க மிஸ்" என்றான். எடுக்கவில்லை. எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம் என்று விட்டதுதான்.

இப்போது எல்லா டேப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். இஃப்ராவினுடையதும் அதில் சேர்ந்து வந்தது. கை ஒரு நொடி நின்றது. அதை மட்டும் விட்டால் பாலுசாமி கண்ணில் அந்த ஒன்றுதான் முதலில் படும். வந்தவர்கள் போனதும் ஆப்பைத் திரும்பப் போட்டுவிட்டால் போச்சு. 'உள்ளே இருப்பவை அழிந்துவிடும், சம்மதமா' என்று திரை கேட்டது. அது எப்போதும் கேட்பதுதான். சம்மதம் என்று அமுக்கினான்.

கம்பெனிக்காரர்கள் ரெண்டாம் வகுப்புக்குள் நின்றபோது இஃப்ரா டேப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்பு டீச்சரிடம் ஓடினாள். அன்று ரித்திகா மிஸ் வருகிற நாள் இல்லை. திரையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "அப்பறம் விளையாடலாம் கண்ணு, போய் உக்காரு" என்றாள் டீச்சர். மறுபடி ஓடிவந்தாள். மறுபடி உட்கார வைத்தாள். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து ஈரம் தரையில் ஓடிவந்தது. வந்தவர்களில் ஒருவர் ஷூவை நகர்த்திக்கொண்டார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கவின் புரொஜெக்டர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். இஃப்ரா டேப்பை மடியில் கவிழ்த்து ஈரத்தை மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆப்பைத் திரும்பப் போட்டான். படங்கள் எல்லாம் வந்தன. தொட்டுப் பார்த்தான். ஒன்றிலும் குரல் இல்லை.

"புள்ள எதையோ நோண்டி அழிச்சுப்போட்டாளாட்ட இருக்குது, ஏனுங்க சார்?" என்று, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பாலுசாமி கேட்டார்.

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றான் கவின். கேட்டதுமே வாயில் வந்துவிட்டது.

மறுநாள் சாஜிதா பேகம் துப்புரவு வேலை யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். கவினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலுசாமி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. இஃப்ரா பக்கம் திரும்பினாள்.

"எதைடி அமுக்கினே?"

இஃப்ரா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"பொய் வேற சொல்றியா?" கையில் பட்டென்று அடி விழுந்தது. இஃப்ரா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இன்னொரு அடி. சாஜிதா பேகம் கை கூப்பினாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா. பெரிய மனசு பண்ணி வாங்கிக் குடுத்தீங்க. இனிமே தொட மாட்டா."

"பரவால்லீங்கம்மா. சின்னப்புள்ளதானுங்களே. மறுக்காப் பேசிக் குடுங்க, சார் பதிஞ்சு தருவாரு."

வெள்ளகோவிலில் கவினின் அம்மா பாவாத்தாள் தறி ஓட்டினாள். ஓனரே மட்ட நூலைப் போட்டுவிட்டு, தறியில் இழை அறுந்தால் அவளைத்தான் திட்டுவான். "என் தப்புதானுங்க" என்பாள். அவள் கை இப்படித்தான் கூப்பியிருக்கும். அந்தக் கூலியில் படித்துத்தான் இந்த நாற்காலிக்கு வந்தான். வந்து அவனும் அந்த ஓனராகிவிட்டான்.

லேபில் அம்மாவும் மகளும் கவினும் உட்கார்ந்தார்கள்.

"வேலைக்கு நேரமாச்சு. எதுலருந்து சார் ஆரம்பிக்கறது?"

"எதுன்னாலும் சரிங்க."

இஃப்ரா எட்டி ஒரு படத்தைத் தொட்டாள். அது 'இல்ல' என்பதற்கான படம். சாஜிதா பேகம் பேசினாள், அவன் பதிந்தான். டேப்பைத் திருப்பி வைத்ததும் இஃப்ரா அதை அமுக்கினாள்.

"இல்ல."

அம்மாவைப் பார்த்து மறுபடி அமுக்கினாள். "இல்ல." அடி வாங்கிய கையைக் காட்டிவிட்டு அமுக்கினாள். "இல்ல. இல்ல. இல்ல." அம்மாவின் குரலிலேயே அம்மாவுக்குப் பதில் சொன்னாள்.

"என்னடி இல்ல? நிறுத்துடி" என்ற சாஜிதா பேகம் பாதியில் நின்றாள்.

"அவ இல்லீங்க" என்றான் கவின். "நாந்தான் அழிச்சேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்னு சொன்னாங்க. பேக்கப்பும் எடுக்கலீங்க. தெரிஞ்சேதான் வாயைத் தொறக்காம இருந்துட்டேன்."

சாஜிதா பேகம் இஃப்ராவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நா அடிச்சப்ப நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டாவது அடி விழுந்திருக்காதுல்ல."

தண்ணி, பசி, வலி, எல்லாம் இனிப் பதியவேண்டியவை. அவன் அடுத்த படத்தை எடுக்கப் போனான்.

"அது இருக்கட்டும். மொதல்ல ஐயாவைக் கூட்டியாங்க. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டேன்ல, அதைத் திருப்பி வாங்கோணும். எம்புள்ள முன்னால வாங்கோணும்."

"வேலைக்கு நேரமாச்சுன்னு சொன்னீங்களேங்க…"

"ஆவட்டும்."

கவின் எழுந்தான். பாலுசாமியின் அறை வராந்தாவின் அந்தக் கோடியில். கதவை நெருங்கும் வரை முதுகுக்குப் பின்னால் அந்த ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. "இல்ல. இல்ல."

கதவைத் தட்டினான்.

"என்னங்க சார், முடிஞ்சுதுங்களா?" என்றார் உள்ளேயிருந்து.