கடலைக் கொல்லையில் விளைந்த கண்ணிவெடி

உத்திரமேரூருக்குத் தெற்கே, புருஷோத்தமனின் வேர்க்கடலைக் கொல்லையில் அந்த மாசியில் கண்ணிவெடி காய்த்திருந்தது. காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவர் பிடுங்கிய செடியில், பிஞ்சுகளுக்கு நடுவே சோப்பு டப்பா அளவில் பச்சையாக ஒன்று காம்போடு தொங்கியது. அதை எடுத்துப்போன போலீஸ்காரர்கள், இலங்கைச் சண்டையில் புதைத்த ரகம், இன்னும் வெடிக்கக்கூடியது என்றார்கள்.

ஊர் உடனே நாய் ஸ்கூலைச் சந்தேகித்தது. ஏரிக்கு அப்பால் இரண்டு வருடமாக, இலங்கை மண்ணில் மிச்சமிருக்கும் வெடிகளை மோப்பம் பிடிக்க அங்கே நாய்களைப் பழக்கிவந்தார்கள். வெடிமருந்துத் துணுக்குகளைப் புதைத்து வைப்பார்கள். வாசனை கண்ட இடத்தில் நாய் சத்தமில்லாமல் உட்காரும். அங்கே வேலை பார்த்த பிரிஸ்கில்லா, காலனியிலிருந்து புருஷோத்தமன் கொல்லைக்குக் கூலி வேலைக்கு வரும் பாஞ்சாலியின் மகள்.

"உன் பொண்ணுதான் பொதச்சி வெச்சிக்கீறா. என் நெலத்த தரிசாக்கி ஸ்கூலுக்கு வளைக்கப் பாக்கறீங்களா?" என்று புருஷோத்தமன் பாஞ்சாலியிடம் கத்தினார். கூலி ஆளை விலக்கிவிட்டு, கடலை பிடுங்கும் மெஷின் இறக்க அவரே புதைத்தார் என்றது காலனி. இரு தரப்பும் காவல் வைத்து, கொல்லையைவிட ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோர் எதிரிலும் ஒரு பூவிலிருந்து மண்ணில் இறங்கிய விழுதை இழுத்துப் பார்த்தபோது, நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிஞ்சு வெடி இருந்தது. யாரும் புதைக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு, விதை கொடுத்தவன் யார் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பங்குனியில் காய் முற்றியது. பிரிஸ்கில்லா ஜூலி என்ற நாயோடு வரப்புக்கு வந்தாள். பாஞ்சாலி மறித்தாள். "நீ எறங்காத. எதுனா ஆச்சின்னா உன்மேலதான் கேஸ் போடுவாரு."

"நான் எறங்கலன்னா கூலிக்கு நீதாம்மா எறங்குவ."

ஜூலி சால் சாலாக முகர்ந்துபோய் உட்கார்ந்த இடத்திலெல்லாம் பிரிஸ்கில்லா சிவப்புக் கொடி நட்டாள். கொடி இல்லாத இடங்களில் பெண்கள் பிடுங்கினார்கள். புருஷோத்தமனுக்கு அத்தனை கொடிகளையும் நம்ப முடியவில்லை. ஒரு கொடியருகே குனிந்து செடியைப் பற்றினார். பாஞ்சாலி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். காலனிக்காரர் யாரும் அதுவரை அவரைத் தொட்டதில்லை.

"வாணாம் நைனா. கைய எடு."

பிரிஸ்கில்லா விரல்களால் மண்ணை ஒதுக்கினாள். பச்சை மூடி தெரிந்தது. அவர் அவள் கையை உதறவில்லை. மாலையில் எல்லோரும் முழுக் காலோடு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வருடமும் விளைந்தது. அவர் பயிரை மாற்றவில்லை. இப்போது பிடுங்குவதற்கு முன் நாய், பின் ஆள், அதன்பின் போலீஸ் வண்டி என்பது அங்கே வழக்கம். கடலை வாலாஜாபாத்துக்குப் போகிறது. வேலை முடிந்தால் நாய்க்குப் பந்து தர வேண்டும் என்று கேள்விப்பட்டு, புருஷோத்தமனே வருடத்துக்கொன்று வாங்கி வருகிறார். ஜூலியிடம் போடுவதற்கு முன் தன் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறார்.