சேஷனின் கணுக்கால்

விமானப்படை லாரி கரமனை அக்ரஹாரத் தெருவுக்குள் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் வா, இடது ஒடி, போதும், மதி மதி என்று தெருவே அதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. ஜானவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், குறுக்கே நின்ற ஸ்கூட்டரை இழுத்து ஓரம் வைத்தாள். அப்பா செத்துக் கிடக்கிற வீட்டில் இதென்ன கல்யாணக் களை என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"வந்தாச்சா அவா?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

அழுத குரல் இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவளின் குரல்.

விங் கமாண்டர் சேஷன் நேற்று சாயங்காலம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் காலடியில் உட்கார்ந்திருந்த சுப்புலக்ஷ்மி, உள்ளே வந்த மகளைக் கண்டதும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எழுபத்தாறு வயசுப் பிடி இல்லை அது.

"நானும் வரேன்."

"எங்கேம்மா?"

"மயானத்துக்கு."

தர்ப்பையை எண்ணிக்கொண்டிருந்த வாத்தியார் வெங்கிடேஷ் நிமிர்ந்தார். "மாமி, ஸ்த்ரீகள் அங்கே வர வழக்கமில்லை, பதிவில்லையாக்கும்."

"புல்லைக் கொளுத்தினாளே, அது பதிவா?"

அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் சேஷனின் விமானம் எல்லைக்கு அப்பால் சுடப்பட்டது. அது தீப்பந்தாக விழுந்ததை உடன் பறந்தவன் கண்ணால் பார்த்தான். பாராசூட் விரிந்ததை அவன் பார்க்கவில்லை. செய்தி வந்ததும் தாத்தா காத்திருக்கவில்லை. உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் செய்து எரித்தார்கள். பத்தாம் நாள், இருபத்திரண்டு வயது மருமகளின் தாலியையும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு நாள் எதிரி நாட்டு ரேடியோ, பிடிபட்டவர்களின் பெயர்களில் சேஷனையும் சேர்த்து வாசித்தது.

அவர் சிறையிலிருந்து திரும்ப ஒரு வருஷம் ஆயிற்று. புருஷன் உயிரோடிருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்த அந்த வருஷம் முழுக்க அம்மா வெறுங்கழுத்தோடு இருந்தாள். அவர் வந்து கட்டினால்தான் உண்டு என்றார்கள். வந்தவரையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். காரியம் ஆகிவிட்டதே! நெய்யும் தண்ணீருமாகத் தலையில் கொட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்வதையெல்லாம் செய்து, பெயர் வைத்து, பூணூல் போட்டு, சொந்தப் பெண்டாட்டியையே மறுபடி கல்யாணம் பண்ணிவைத்தார்கள்.

"இவள் என்னைவிட இருபத்திமூணு வயசு மூத்தவளாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் நீளமாக ஒரு மௌனம் வரும். சிறையைப் பற்றி அவர் சொன்னது அந்த மௌனம் மட்டும்தான். பிறகு, குதித்த இடத்தில் முறிந்து கோணலாகவே கூடிப்போன இடது கணுக்காலை நீட்டுவார். அம்மா தைலம் தேய்ப்பாள். "அது மட்டுமாக்கும் பழைய சேஷன். பாக்கியெல்லாம் புதுசு."

"அம்மா, வெறுதே பிடிவாதம் பிடிக்காதே" என்றான் தம்பி ஹரிஷங்கர். "நேரம் ஆறது."

"அன்னிக்கும் இப்படித்தான். என்னை உள்ளில பூட்டி வெச்சுட்டுப் போனா. திரும்பி வந்து, எல்லாம் ஆச்சுன்னா. நான் நம்பினேன். இன்னிக்கு நானே பார்க்கணும்." அம்மா வாசலைக் காட்டினாள். சல்யூட் அடித்துவிட்டு அங்கே விறைப்பாக நின்றிருந்தாள், விமானப்படை அதிகாரி ஸ்குவாட்ரன் லீடர் ரெனி. "அந்தக் குட்டி வருவாளோ?"

"அவளுக்கு டூட்டியாக்கும் மாமி" என்றார் வெங்கிடேஷ்.

"எனக்கு மட்டும் என்னவாம்?"

வெங்கிடேஷ் தர்ப்பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பாடையைத் தூக்கினார்கள். பியூகிள் ஒலித்தது. லாரி நகர்ந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ரெனி ஜானவியைக் கடந்து போகிறபோது குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், என் ஜீப் பின்தெருவிலயாக்கும் நிக்குது. ரெண்டு சீட்டு ஒழிஞ்சு கிடக்கு."

ஜானவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தாள்.

"பாத்ரூம் போகணும்" என்றாள் சத்தமாக.

கொல்லைப்புறத்தில் பாசிக்கல்லைத் தாண்டி, கொடியில் தொங்கிய ஈரப் புடவைக்கு அடியில் குனிந்து, இருவரும் ஓடினார்கள். தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. ஜானவி தோளால் முட்டினாள். கதவு திறந்துகொண்டபோது சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா செருப்பில்லாமல் ஜீப்பில் கேறி உட்கார்ந்து, டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"வேகம் போப்பா. கொளுத்திடுவா!"

கரமனைப் பாலத்தில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அம்மா இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். கண்கள் பளபளத்தன. எதைப் பார்க்க இப்படிப் பறக்கிறாள் என்று ஜானவிக்குப் புரிந்தது. அங்கே போனதும் அது புல்லாக இருந்துவிட்டால்? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் அதை நம்பினாள்.

மயானத்து வாசலில் இறங்கியபோது துப்பாக்கிகள் வானத்தை நோக்கி வெடித்தன. காக்கைகள் கலைந்து பறந்தன. ஹரிஷங்கர் கொள்ளியோடு குனிந்தவன் அப்படியே நின்றான்.

"மாமி..." என்று தொடங்கிய வெங்கிடேஷ் நிறுத்திக்கொண்டார்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சிதையருகே போனாள். காலடிப் பக்கம் அடுக்கியிருந்த வரட்டிகளில் இரண்டை எடுத்துக் கீழே வைத்தாள். துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். கை எதையோ தேடிச் சற்று மேலே போயிற்று. பிறகு நின்றது.

கொள்ளியிலிருந்து ஒரு தீப்பொறி மண்ணில் விழுந்து அணைந்தது.

"இவர்தான்" என்றாள் அம்மா.

கையை எடுத்தாள். துணியைச் சரிசெய்தாள். வரட்டிகளை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"வைடா, ஹரி."

தீ நன்றாகப் பிடிக்கும்வரை நின்று பார்த்தாள். திரும்பும் வழியில் பாலம் காலியாக இருந்தது. ரெனி முன்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை மடியில், எதையோ பிடித்தபடியே குழிந்திருந்தது.